அவதானக் குறையும் ஆராயாது இடும் பெயரும்

(மாகறலில் நடைபெற்ற நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சேயாற்றங்கரையில், மாகறலீசர் திருக்கோயிலுக்கு அணித்தாகக் கூடியுள்ள இவ்வவையில், பிள்ளைகளின் கல்வியைக் குறித்துச் சில சொல்லுமாறு நம் சங்கத்துச் செயலாளர் எம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை எடுத்தோதுதல் எளிது. கேட்டுத் தலையசைத்தல் அதனினும் எளிது. அதனை யாம் பலகாற் செய்திருக்கின்றோம். இன்று அதனை விடுத்து, எம்மால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்லத் துணிந்தோம். ஒரு சிறுமிக்கு இல்லாத நோயை உண்டென்று கூறி, அவளை ஆறு திங்கள் வருத்திய பிழை அது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் ஆறாம் வகுப்பில் பத்து வயதுச் சிறுமியொருத்தி பயின்றாள். தறி நெய்வார் இல்லத்துப் பிள்ளை. இனிய குரலும் நல்ல நினைவாற்றலும் உடையவள். ஆயினும் பாடம் நடக்குங்கால் திடீரென்று எங்கோ நோக்கியவாறு இருந்துவிடுவாள். பெயர் சொல்லி அழைப்பினும் விடை இராது. சில நொடிகட்குப் பின், ஒன்றும் நிகழாததுபோல் எழுதத் தொடங்குவாள். 'பகற்கனாக் காண்கின்றாய்' என்று கடிந்தோம், முன்வரிசையில் இருத்தினோம், சிற்சில நாள் நிற்கவும் வைத்தோம். அக்காலை ஒரு வார இதழில் கவனக் குறைபாடு என்னும் நோயைப் பற்றிய கட்டுரையைப் படித்திருந்தோம். அவ்வரைகுறை அறிவைக் கொண்டு அவள் அன்னையை வருவித்து, 'நும் மகளுக்கு இன்ன நோய்' என்று கூறியதோடு அமையாது, மருத்துவரிடம் காட்டுமாறு கடிதமும் எழுதித் தந்தோம். அண்மையிலுள்ள நகரொன்றில் ஒரு மருத்துவர் அக்கடிதத்தைப் படித்தார். பிள்ளையைச் சிறிது வினவினார். கால்மணிப் பொழுதில் மருந்து எழுதினார். ஆசிரியரே எழுதியிருக்கும்போது வேறென்ன வேண்டும்? மருந்து தொடங்கியது. உணவில் விருப்பம் குன்றிற்று, பிள்ளை இளைத்தாள், இரவில் உறக்கம் பிடிக்காது புரண்டாள். வெறித்து நோக்குதல் மட்டும் நின்றபாடில்லை.

ஆறு திங்கள் கழிந்தபின், 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ்ப் பள்ளிதோறும் சென்று பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவக் குழுவினர் எம் பள்ளிக்கும் வந்தனர். அக்குழுவின் மருத்துவ அம்மையார் அவளைச் சிறிது நேரம் பேசவிட்டுக் கேட்டிருந்தார். பின்னர்ப் பையிலிருந்து காகிதக் காற்றாடியொன்றை எடுத்துக் கொடுத்து, 'நிறுத்தாமல் ஊது, பார்ப்போம்' என்றார். பிள்ளை மகிழ்ந்து ஊதினாள். ஏறத்தாழ இரண்டு நிமிடம் சென்றிருக்கும். காற்றாடி நின்றது, பிள்ளையும் நின்றாள். கண்கள் ஓரிடத்தே நிலைக்க, இமைகள் மெல்லத் துடித்தன. பத்து நொடிப்பொழுதுக்குப் பின் விட்ட இடத்திலிருந்து மீண்டும் ஊதினாள். இடையே தான் நின்றதை அவள் அறிந்திலள். 'ஐயா, இது கவனக் குறைவன்று. வலிப்பில் ஒரு வகை' என்றார் அம்மையார். யாம் தலைகவிழ்ந்தோம்.

வலிப்பு என்ற அளவில் நம்மவர் மனத்தில் தோன்றுவது, தரையில் வீழ்ந்து கைகால் உதைத்து நுரை தள்ளுதலும், சுற்றி நிற்பார் இரும்புத் திறவுகோலைத் தேடிக் கையில் திணித்தலுமே. (இரும்பினால் ஒரு பயனும் இல்லை என்பதனையும் ஈண்டே சொல்லி வைக்கின்றோம்.) வீழ்தலும் உதைத்தலும் இன்றி, அறிவு மட்டும் சில நொடி அற்றுப்போய் மீளும் வலிப்பும் உண்டு. பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதுக்குள் தோன்றும். ஒரு நாளில் பன்முறை வரும். மூச்சை விரைந்து வாங்கி விட்டால் அது வெளிப்படும். காற்றாடியின் பொருள் அதுவே. மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவியில் இதன் அலை நொடிக்கு மூன்று முறை எழுந்து வீழ்வதைக் காணலாம். அங்ஙனமே அவளுக்கும் கண்டனர். முன்னைய மருந்தை நிறுத்தி, வலிப்புக்கு உரியதைக் கொடுத்தனர். சில வாரங்களில் அவ்வெறித்த நோக்கம் அகன்றது.

அதன்பின் யாம் அவளுடைய சொல்வதெழுதுதல் சுவடியை எடுத்துப் பார்த்தோம். முன்னரே பார்த்திருக்க வேண்டியது அது. கவனமில்லாப் பிள்ளை எழுதுவதில் எழுத்துப் பிழை இருக்கும், வரி கோணும், போகப் போகக் கையெழுத்துச் சிதையும். இவள் சுவடியிலோ ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக இருந்தது. ஆயின் வாக்கியத்தின் நடுவே மூன்று சொல், நான்கு சொல் இல்லை. அப்பால் மீண்டும் திருத்தமாகத் தொடர்ந்தது. செல்லரித்த பனையோலையில் இடையிடையே எழுத்துப் போயிருப்பதை ஒத்திருந்தது. ஏட்டில் அத்தகைய இடத்தைக் கண்டால் ஏடெழுதினவன் சோம்பேறி என்று எந்தப் புலவனும் சொல்லான். ஏட்டுக்கு நேர்ந்ததென்ன என்று ஆராய்வான். ஏடு பார்க்கக் கற்ற யாம் பிள்ளையைப் பார்க்கக் கற்றிலேம்.

நிற்க. இதனைக் கேட்டு, கவனக் குறைபாடு என்பதொரு நோயே இல்லை, அது மேலைநாட்டார் கட்டிய கதை என்று எவரும் கருதற்க. அந்நோய் உண்டு. 1902ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறையின்றியும் தம்மை அடக்கி ஓரிடத்தே இருக்கமாட்டாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் தம் நூலில் 1968இல் மிகையியக்கம் என்றும், 1980இல் கவனக் குறைபாடு என்றும், 1987இல் இரண்டனையும் சேர்த்தும் இதற்குப் பெயர் வகுத்தனர். பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்துக் கண்டார், பிள்ளைகள் நூற்றுவருள் ஏறத்தாழ ஐவர்க்கு இஃது உண்டென்பர். இந்நோய் உண்மையில் உடைய பிள்ளை படும் பாடு பெரிது. வேண்டுமென்று செய்கின்றான் என்று வீட்டிலும் அடி, பள்ளியிலும் அடி. பள்ளியில் அடித்தலை 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விலக்கியுள்ளது. சொல்லால் அடித்தலை நாவு இன்னும் விலக்கவில்லை.

இந்நோயைக் காட்டும் குருதிச் சோதனையோ படமோ இல்லை. கண்டாரும் கேட்டாரும் கூறும் குறிகளைக் கொண்டே மருத்துவர் துணிதல் வேண்டும். ஆதலின் அத்துணிவுக்குப் பல வரம்பு கட்டினர். கவனமின்மைக்கு ஒன்பது குறி, மிகையியக்கத்துக்கும் பதற்றச் செயலுக்கும் ஒன்பது குறி. ஒரு தொகுதியிலேனும் ஆறு இருத்தல் வேண்டும். ஆறு திங்களுக்குக் குறையாது நிகழ்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். பள்ளியில் மட்டுமன்றி வீடு முதலிய வேறோரிடத்தும் காணப்படல் வேண்டும். இவையெல்லாம் பொருந்தினும், வேறொரு காரணம் அதனினும் நன்கு பொருந்துமாயின் இப்பெயர் இடலாகாது. நமக்கு அணித்தாகிய உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை நீவிர் கண்டிருப்பீர். ஒருவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுமுன், வயது 35க்கு மேல் 70க்குட்பட்டதா, இறை செலுத்தும் நிலம் உண்டா, தம் மனையில் வாழ்கின்றாரா, முன்னர் வாரியத்திருந்தபோது கணக்குக் காட்டினாரா என்று எத்துணைத் தடை எழுப்பினர்! ஓராண்டுக்கு ஊர்க்காரியம் பார்ப்பவர் பெயருக்கே அத்துணை ஆராய்ச்சி. ஒரு பிள்ளை வாழ்நாளெல்லாம் சுமக்கத்தகும் பெயரை யாம் அரைப் பக்கக் கடிதத்தில் எழுதினோம்.

தமிழாசிரியராகிய எமக்கு இதன்கண் வேறோர் இழுக்கும் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் பன்னாடையையும் உவமை கூறினார். ஆடாவது ஒரு செடியில் வயிறார மேயாது செடிதோறும் ஒரு வாய் கடித்து ஓடுவது. இற்றை மருத்துவர் கூறும் குறிகள் அவ்வாட்டில் உள்ளன என்று எம்முடன் பணிபுரியும் அறிவியலாசிரியர் நகைப்பதுண்டு. அஃதிருக்க. பாடஞ் சொல்லலாகாதார் இன்னார் என எண்ணுமிடத்து, நோயுடையவனை வேறாகவும், உறங்குபவனை வேறாகவும், மந்தனை வேறாகவும், உள்ளந் தடுமாறுபவனை வேறாகவும் அவர் எண்ணினார். இவர்க்கு நூல் உரைக்கலாகாது என்ற முடிபு இக்காலத்துக்கு ஏலாது. அதனை யாம் ஒப்புகின்றோமல்லேம். ஆயின் வேறு வேறாக எண்ணிய கண் அவர்க்கு இருந்தது. அந்நூலை நெட்டுருச் செய்து தேர்வெழுதிய யாம், நோயாளியையும் உறங்குபவனையும் தடுமாறுபவனையும் ஒரே பெயருள் அடக்கினோம். முன்பு அப்பெயர் 'மக்கு' அல்லது 'சேட்டை'. இன்று அதற்கு ஆங்கில எழுத்து நான்கு.

இனி, இந்நோய்போலத் தோன்றும் பிறவற்றைக் கூறுவோம். எம் அனுபவத்தில் மிகுதியும் ஏமாற்றுவது செவி. பிறவிச் செவிட்டை எவரும் அறிவர், அதனைச் சொல்லவில்லை. சளி பிடிக்குங்கால் நடுச்செவியில் நீர் கோத்து, சில வாரம் செவி மந்தமாகிப் பின் தெளியும். ஐப்பசி, கார்த்திகையில் கேளாத பிள்ளைக்குத் தை பிறந்தால் கேட்கும். அதனைக் கண்ட ஆசிரியர், 'வேண்டியபோது மட்டும் கேட்கின்றான்' என்பர். அருகிருந்து பேசும் தாய்க்குக் குறை தோன்றாது. பின்வரிசையில் இருப்பவனுக்குப் பாதிச் சொல் வாராது. பாதிச் சொல் வாராதவன் பக்கத்திலிருப்பவனைக் கேட்பான். கேட்பதைப் 'பேச்சு' என்போம். சீழ் வடியும் செவியில் எண்ணெய் காய்ச்சி விடுதலும் கோழியிறகால் குடைதலும் நம் இல்லங்களில் இன்னும் உள்ளன. தாய்மார்களே, அவற்றை விடுமின். செவி மருத்துவரிடம் காட்டுமின்.

கண்ணும் அவ்வாறே. கரும்பலகை தெரியாதவன் சன்னலைப் பார்த்திருப்பான். உள்நாக்குச் சதையும் மூக்கின் பின்னுள்ள சதையும் வீங்கி, வாயால் மூச்சு விட்டு இரவெல்லாம் குறட்டையிடும் பிள்ளைக்கு உறக்கம் முழுமை பெறாது. உறக்கம் குறைந்த பெரியவர் தூங்கி வழிவர். பிள்ளையோ தூங்கி வழியாது துள்ளித் திரியும். இம்மாறுபாட்டை அறியாமையால் அதனை மிகையியக்கம் என்பர். எழுத்தைக் கூட்டிப் படிக்கமாட்டாத கற்றற் குறையுடைய பிள்ளை, கதை சொன்னால் அசையாது கேட்கும். புத்தகத்தைத் திறந்தால் நெளியும். அக்குறையை 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. பொதுத் தேர்வில் சலுகையும் உண்டு. அதனைக் கவனக் குறைவென்று தவறாகப் பெயரிட்டால் அச்சலுகை பிள்ளைக்குச் சேராது. தைராய்டு சுரப்பியின் மிகுதி, பழைய மின்கலம் உடைத்து உருக்கும் இடங்களில் பரவும் ஈய நஞ்சு, வீட்டில் நிகழும் சண்டை, குடி, இறப்பு ஆகியவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

பசியைத் தனியே சொல்ல வேண்டியிருக்கின்றது. நம் நாட்டில் ஆறு திங்கள் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 67 பேர் குருதிச் சோகையுடையார் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறியது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையின் மனம் ஒன்றில் நிலைத்து நில்லாது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையொன்று, அவருள் நூற்றுக்கு 11.32 பேர்க்குக் கவனக் குறைபாடு உண்டென்றது. உலகக் கணக்கினும் இஃது இருமடங்கு. அதனுள்ளும் எளிய குடும்பத்தாரிடை 16.33, நடுத்தரக் குடும்பத்தாரிடை 6.84. ஆசிரியரும் பெற்றோரும் நிரப்பிய வினாத்தாளே அதற்கு அளவுகோல். அவ்வாய்வாளரை யாம் குறை கூறவில்லை. அவர் காட்டிய இவ்வெண்களைக் கண்டபோது எமக்கு எழுந்த ஐயத்தையே கூறுகின்றோம். எளியார் பிள்ளைகளிடை இரட்டிப்பாகக் காணப்பட்டது மூளையின் நோய்தானா? அன்றிக் காலையில் வெறுவயிற்றோடு வந்த பிள்ளையின் அலைச்சலும் அதனுட் கலந்ததா? 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசினர் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கினர். மறு ஆண்டு அது மாநிலமெங்கும் பரந்தது. முதற் பாடவேளையில் முன்னர் மேசைமேல் தலைசாய்த்தும் சிணுங்கியும் இருந்த பிள்ளைகள் இப்போது நிமிர்ந்திருக்கக் காண்கின்றோம் என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிலர் எமக்குக் கூறினர். உப்புமாவும் சாம்பாரும் தீர்த்த நோயை மாத்திரையால் தீர்க்கப் புகுந்திருப்பின் என்னாவது!

அன்றியும், அவ்வாய்வில் நோயுடையார் எனப்பட்டவருள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்பிள்ளைகள். ஆண்பிள்ளை துள்ளினால் வகுப்புக் கெடும்; ஆசிரியர் உடனே அறிவர். பெண்பிள்ளை வாய்பேசாது மனம் அலைந்திருந்தால் எவர்க்கும் தொல்லையில்லை. 'அடக்கமான பிள்ளை' என்று நற்சான்றும் கிடைக்கும். ஆதலின் இல்லாதார்க்குப் பெயரிடுதல் ஒரு பிழையாயின், உள்ளாரைக் காணாது விடுதல் மற்றொரு பிழை. எமக்கு உண்டாகும் தொல்லையையே பிள்ளையின் நோய்க்கு அளவாகக் கொள்ளும் வழக்கம் இரண்டற்கும் வேர்.

இனி வயது. இதனைக் கேட்டுச் சிலர் நகைப்பீர். எம் பிறந்தநாள் யாதெனப் பள்ளிப் பதிவேட்டைக் கேட்பின், சூன் மாதம் என்னும். எம் அன்னையாரைக் கேட்பின், ஐப்பசி அடைமழையில் ஓலைக்கூரை ஒழுக ஒழுகப் பிறந்தவன் என்பார். பள்ளியிற் சேர்ப்பதற்கு வயது போதாமையால் தலைமையாசிரியர் அருள்கூர்ந்து அளித்த பிறந்தநாள் அது. இவ்வவையில் நாற்பது கடந்தாருள் மே, சூன் மாதங்களில் 'பிறந்தார்' எத்துணையர் என்று கைதூக்கச் சொன்னால் கூட்டம் கலகலக்கும். நகைப்பு நிற்க, அதன் பயன் யாதாயிற்று? வகுப்பில் யாமே சிறியேம். இருந்த இடத்தில் இராமைக்கும், சொன்னதை மறந்தமைக்கும் யாம் பெற்ற அடி கொஞ்சமன்று. ஐந்து திங்கள் கழித்துச் சேர்ந்திருப்பின் அவ்வடியிற் பாதி வீழ்ந்திராது என்று இன்று எண்ணுகின்றோம்.

இஃது எம் கற்பனையன்று. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். ஆங்குப் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. சனவரியிற் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது. டிசம்பரிற் பிறந்தது இளையது. டிசம்பரிற் பிறந்த ஆண்பிள்ளைகட்குக் கவனக் குறைபாடு எனப் பெயரிடப்பட்டது சனவரிப் பிள்ளைகளினும் நூற்றுக்கு 30 மிகுதி. பெண்பிள்ளைகட்கு 70 மிகுதி. அமெரிக்க நாட்டில் செப்டம்பர் முதல் நாளை எல்லையாகக் கொண்ட மாநிலங்களிலும், அதற்கு முந்திய ஆகஸ்டிற் பிறந்தார்க்கே இப்பெயர் மிகுதியென 2018இல் கண்டனர். எல்லைநாள் மாறினால் நோயுடைய மாதமும் மாறுகின்றது! மூளை நோய்க்கு நாட்காட்டி தெரியுமோ? பதினொரு திங்கள் இளைய பிள்ளையின் இளமையையே நோயென்று கொண்டனர் என்பதன்றி வேறு பொருள் கூறுதல் அரிது. நம் மாநிலத்தில் சூலை 31இல் ஐந்து நிரம்பிய பிள்ளையை முதல் வகுப்பிற் சேர்க்கும் வழக்குண்மையின், நம்மிடை இளையார் சூன், சூலைப் பிள்ளைகள். 'ஓராண்டு வீணாகலாமா' என்று நீவிர் விரைகின்றீர். அவ்விரைவைப் பிள்ளை சுமக்கின்றது.

ஒன்று கூறி மருந்துக்கு வருவோம். 'மூன்று மணி நேரம் கைப்பேசியைக் கீழே வையாது விளையாடுகின்றானே, அவனுக்கா கவனக் குறைவு?' என்று தந்தையர் வினவுவர். நம் ஊர் இறைவன் உடும்பாய்த் தோன்றினான் என்பது தலவரலாறு. உடும்புப் பிடியை நாம் அறிவோம். இந்நோய் உண்மையில் உடைய பிள்ளைக்கும் விருப்பமுள்ள பொருளில் உடும்புப் பிடி உண்டு. பற்ற வேண்டியதனைப் பற்றவும், விட வேண்டியதனை விடவும் ஆளும் திறனே அவனுக்குக் குறை. ஆதலின் கைப்பேசியை மட்டும் சான்றாக வைத்து நோயில்லை என்று துணிதலும் பிழையே.

மெதில்பெனிடேட் என்னும் மருந்து 1944இல் சுவிட்சர்லாந்தில் ஆக்கப்பட்டது. நோய் உள்ளார் பலர்க்கு அது நன்மை செய்கின்றது. அதனை அஞ்சி மறுத்தல் வேண்டா. ஆயின் பசியைக் குறைத்தல், உறக்கத்தைக் கெடுத்தல், சிலர்க்கு வளர்ச்சியைச் சிறிது தாழ்த்துதல் ஆகியன அதன் இயல்பு. முன்னரே மெலிந்த பிள்ளைக்கு, இல்லாத நோயின் பொருட்டு அதனைக் கொடுத்தல் தகுமா? ஆறு வயதுக்குட்பட்டார்க்கு முதற்கண் பெற்றோர்க்கே பயிற்சி தந்து பிள்ளையை நடத்தும் முறையைக் கற்பித்தல் நன்றென மருத்துவர் கூறுவர். அப்பயிற்சிக்கு நேரம் வேண்டும். மாத்திரைக்குத் தண்ணீர் போதும்.

ஆதலின் ஆசிரியர் எவரேனும், எம்மைப் போன்றார் உட்பட, நும் பிள்ளைக்குக் கவனமில்லை என்றால், நோயின் பெயரைக் கேளன்மின்; அவர் கண்டது யாதெனக் கேண்மின். எப்பாடத்தில்? உணவுக்கு முன்னரோ, பின்னரோ? ஒரு நாளில் எத்துணை முறை? அழைத்தால் திரும்புகின்றதா? தோளைத் தொட்டால் திரும்புகின்றதா? இவற்றுக்கு விடை கூறமாட்டாத ஆசிரியர் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை என்று கொள்க. பின்னர்ச் செவி, கண், குருதி, உறக்கம் இவற்றைச் சோதிப்பித்து, அதன்மேல் மனநல மருத்துவரிடம் செல்க. பள்ளிக்கு வரும் சிறார் நலக் குழுவினர் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவர்; அதற்குக் கட்டணம் இல்லை.

யாம் இப்பொழுதும் பெற்றோர்க்குக் கடிதம் எழுதுகின்றோம். அதில் நோயின் பெயர் இராது. கண்டவை நாளும் வேளையுமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அச்சிறுமிக்கு வலிப்பு முழுதும் அடங்கி, மருத்துவர் சொற்படி மருந்தும் நிறுத்தப்பட்டது. இன்று மேனிலை வகுப்பிற் பயில்கின்றாள். அவள் அன்னையாரின் இசைவு பெற்று, அச்சொல்வதெழுதுதல் சுவடியை, பெயர் எழுதிய தாளை நீக்கி, ஈண்டுக் கொணர்ந்திருக்கின்றோம். கூட்டம் முடிந்தபின் ஆசிரியர்களும் தாய்மார்களும் அதனை வாங்கிப் பார்க்கலாம்.